பேட்டரியைக் குறை சொல்லும் முன்



பலர் கை மாறி வந்த மோட்டார் சைக்கிளில் மின்சாரம் எந்த இடத்தில் தடைப்படுகிறது என்பதைக் கண்டறியும் முறையே இவ்வுரையின் பொருள். ஒரு பொதுமேடைக்கு இது சிறிய பொருள் என்று தோன்றலாம். ஆனால் ராணிப்பேட்டையிலும் மேல்விஷாரத்திலும் தொடங்கி, வேலூர், பள்ளிகொண்டா, மாதனூர் வழியாக ஆம்பூர், வாணியம்பாடி வரையில், சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி வாழும் குடும்பங்களுக்கு இது சிறிய பொருளா? பேருந்து வராத சிற்றூரிலிருந்து காலை முறைப்பணிக்குச் சங்கு ஊதும் முன் ஆலை வாசலில் நிற்க வேண்டிய தொழிலாளிக்கு, பழைய வண்டி ஒன்றே கால். அது வாசலில் நின்றுவிட்டால் அன்றைய கூலியும் நின்றுவிடும். 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. மாவட்டங்கள் பிரிந்தாலும் தோல் தொழிலும் பாலாறும் சாலையும் ஒன்றாகவே இருப்பதால், இந்த வண்டிகளின் நோயும் மூன்று மாவட்டங்களிலும் ஒன்றாகவே இருக்கிறது.

அந்த நோய்க்கு எங்கும் சொல்லப்படும் தீர்ப்பு ஒன்றுதான்: "பேட்டரி வீக்." செல்ஃப் எடுக்கவில்லையா? பேட்டரி வீக். ஹாரன் முனகுகிறதா? பேட்டரி வீக். இண்டிகேட்டர் மெல்லக் கண் சிமிட்டுகிறதா? அதற்கும் பேட்டரி வீக். ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்துப் புதிய பேட்டரி வாங்கி மாட்டியதும் வண்டி உயிர் பெறுகிறது, உரிமையாளர் மகிழ்கிறார், சில வாரங்கள் கழித்து அதே வண்டி அதே இடத்தில் அதே நோயோடு நிற்கிறது. அப்போது புதிய பேட்டரியும் மோசம் என்ற முடிவுக்கு வருகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். பழைய பேட்டரியைக் கழற்றும் முன் யாரேனும் அளந்தார்களா? புதியதை மாட்டிய பின்னாவது அளந்தார்களா?

அளக்காமல் மாற்றுவது பழுது பார்ப்பதாகாது. அது உழைப்பாளியின் பணத்தை வைத்து ஆடும் ஊகம். இந்த ஊகத்துக்கு எதிராகவே இவ்வுரை பேசுகிறது. பழைய வண்டியின் மின்பழுது பெரும்பாலும் பெரிய உறுப்புகளுக்குள் இருப்பதைவிட, அவற்றை ஒன்றோடொன்று சேர்க்கும் இணைப்புகளில் ஒளிந்திருக்கிறது என்பதும், மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் அளந்தாலன்றி அது தன்னைக் காட்டிக்கொள்ளாது என்பதும் இங்கே நிறுவப்படவிருக்கும் கருத்துகள்.

முதலில் மின்சாரம் பிறந்து, சேர்ந்து, செலவாகும் வழியைப் பார்க்க வேண்டும். எஞ்சினின் ஒரு பக்கத்தில், சுழலும் காந்தச் சக்கரத்துக்குள் நிலையாகப் பொருத்தப்பட்ட கம்பிச் சுருள்கள் உள்ளன. காந்தப்புலம் மாறும்போது கம்பியில் மின்சாரம் தூண்டப்படும் என்று 1831-இல் மைக்கேல் ஃபாரடே காட்டிய விதியின்படி அங்கே மின்சாரம் பிறக்கிறது. பட்டறையில் மேக்னட் காயில் என்றும், நிறுவனக் கையேடுகளில் ஸ்டேட்டர் என்றும் இதைச் சொல்வார்கள். இங்கே பிறப்பது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். பேட்டரிக்கு வேண்டியதோ ஒரே திசையில் ஓடும் மின்சாரம். ஆகவே இடையில் ஆர்.ஆர். யூனிட் என்னும் சிறு பெட்டி நின்று, திசையை ஒழுங்காக்கி, அழுத்தம் அளவுக்கு மீறாமல் கட்டுப்படுத்தி அனுப்புகிறது. பேட்டரி அதைச் சேமித்து, எஞ்சின் ஓடாதபோதும் செல்ஃப் மோட்டார் பெரும்பசியோடு இழுக்கும்போதும் திருப்பித் தருகிறது. இவற்றுக்கு நடுவே பியூஸ், சாவி சுவிட்ச், ரிலே, வயர்கள், வயர்களைக் கோக்கும் கப்ளர்கள், கடைசியில் எல்லா மின்னோட்டமும் பேட்டரிக்குத் திரும்பிச் செல்லும் வழியாகிய எர்த் ஆகியவை இருக்கின்றன.

ஆம்பூரின் காலணித் தொழிற்கூடத்தில் ஒரு ஜோடி ஷூ உருவாகும் விதம் இந்த அவைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தோல் வெட்டப்பட்டதும் ஒரு சோதனை, மேற்பகுதி தைக்கப்பட்டதும் ஒரு சோதனை, அச்சில் ஏற்றி இழுத்ததும் ஒரு சோதனை, அடிப்பகுதி ஒட்டியதும் ஒரு சோதனை என்று படிக்குப் படி பார்த்து அனுப்புவதால், குறை எந்தக் கையில் நுழைந்தது என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. வண்டியின் மின்வழியையும் அப்படித்தான் படிக்குப் படி பார்க்க வேண்டும். ஏற்றுமதிக்குப் போகும் காலணிக்குக் காட்டும் அந்தக் கவனம், அதைத் தைத்த தொழிலாளியின் வண்டிக்குக் கிடைக்க வேண்டாமா?

சோதனைக்கு வேண்டிய கருவி மல்டிமீட்டர். மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை மூன்றையும் அளக்கும் இக்கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மின்னழுத்தம் என்பது மின்சாரத்தைத் தள்ளும் விசை. அதன் அளவு வோல்ட். மின்னோட்டம் என்பது எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பது. அதன் அளவு ஆம்பியர். மின்தடை என்பது வழியிலுள்ள எதிர்ப்பு; அதன் அளவு ஓம். இம்மூன்றும் ஒன்றையொன்று கட்டிப்போட்டிருக்கின்றன என்பதை ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827-இல் எழுதிவைத்தார்: ஓடும் ஆம்பியரை வழியிலுள்ள ஓமால் பெருக்கினால், அந்த வழியில் இழக்கப்படும் வோல்ட் கிடைக்கும். இந்த ஒரே பெருக்கலை மறவாமல் வைத்திருப்பவரிடம் எந்தப் பழைய வண்டியும் தன் குறையை மறைக்க முடியாது.

குற்றம் சாட்டப்பட்ட பேட்டரியையே முதலில் விசாரிக்கலாம். 1859-இல் பிரெஞ்சு அறிஞர் பிளாந்தே உருவாக்கிய ஈய அமில மின்கலத்தின் வழித்தோன்றலே இன்றும் பெரும்பாலான வண்டிகளில் இருக்கிறது. ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும் ஆறு அறைகள் வரிசையாக நிற்பதால், முழுமையாகச் சார்ஜ் ஆன பேட்டரி ஓய்வில் 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டும். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். ஓடி நின்ற உடனே அளந்தால் மேற்பரப்பில் தங்கிய அழுத்தம் பொய் சொல்லும். 12.2 வோல்ட் அளவில் இருந்தால் பாதிதான் மிச்சம், 11.9-க்கு இறங்கிவிட்டால் ஏறத்தாழ வெறும் பாத்திரம். இவ்வளவோடு விசாரணை முடிந்துவிடுமா? முடியாது. ஓய்வில் 12.6 காட்டும் நோயுற்ற பேட்டரிகள் ஏராளம். செல்ஃப் பொத்தானை அழுத்தி, மோட்டார் இழுக்கும் அந்த நொடியில் பேட்டரி முனைகளில் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். முழுச் சார்ஜில் இருந்தும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே அது சரிந்தால், பேட்டரியின் உள்ளுடல் தளர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். 10.5-க்கு மேல் தாங்கி நின்றும் மோட்டார் சுழலவில்லையென்றால் பேட்டரி குற்றமற்றது. குற்றவாளி வேறு எங்கோ இருக்கிறான்.

பேட்டரி உண்மையிலேயே கெட்டிருந்தாலும், ஏன் கெட்டது என்று கேட்காமல் விடலாமா? இந்த வட்டாரத்தில் அதற்கு இரண்டு காரணங்கள் கண்முன்னே இருக்கின்றன. ஒன்று வெயில். வேலூரின் கோடையில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது வழக்கம். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஈய அமில பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. நிழலில்லாத ஆலை வளாகத்தில் நாள் முழுதும் காயும் வண்டிக்குள் பேட்டரி மெல்ல வெந்துகொண்டிருக்கிறது.

மற்றொன்று தண்ணீர். மூடி திறந்து நீர் நிரப்பும் வகைப் பேட்டரியில் நீர்மட்டம் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் எனப்படும் வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய் நீரும் ஆழ்குழாய்க் கிணற்று நீரும் கூடாது. எந்த ஊருக்கும் பொருந்தும் இந்த விதி, பாலாற்றுப் படுகையில் இரண்டு மடங்கு பொருந்தும். பச்சைத் தோல் அழுகாமலிருக்க இடப்படும் உப்பு, ஊறவைக்கும் தொட்டிகளில் கரைந்து வெளியேறி, பல பத்தாண்டுகளாக இந்நிலத்தின் அடிநீரில் சேர்ந்திருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியதை நாடே அறியும். அந்த வழக்குக்கு ஆதாரமாயிருந்த அதே உப்புநீரை ஒரு குவளை எடுத்துப் பேட்டரிக்குள் ஊற்றினால், அதிலுள்ள குளோரைடும் சுண்ணமும் இரும்பும் தகடுகளை அரித்து, தானாகவே சார்ஜ் கசியும்படி செய்துவிடும். பேட்டரிக்குள் இருப்பது, ஆலைகளில் தோலைப் பதத்துக்குக் கொண்டுவரும் அமிலக் குளியலில் சேர்க்கும் அதே கந்தக அமிலம்தான் என்பதால், அதை எவ்வளவு எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்று இந்தத் தொழிலாளர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

பேட்டரி குற்றமற்றது என்று தெரிந்த பிறகுதான் விசாரணையின் இதயப் பகுதி தொடங்குகிறது. அது இணைப்புகளைப் பற்றியது.

ஒரு செல்ஃப் மோட்டார் 60 ஆம்பியர் இழுக்கிறது என்று கொள்ளலாம். பேட்டரி முனையில் லேசாகத் தளர்ந்த ஒரு நட்டும், எர்த் வயர் சட்டத்தில் சேரும் இடத்தில் மெல்லிய துருப் படலமும் சேர்ந்து வெறும் 0.03 ஓம் தடையை உண்டாக்குகின்றன என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? 60-ஐ 0.03-ஆல் பெருக்கினால் 1.8 வோல்ட். பேட்டரி 10.8 வோல்ட் தந்துகொண்டிருக்கும்போது மோட்டாருக்கு 9 வோல்ட்தான் போய்ச் சேர்கிறது, மோட்டார் திணறுகிறது, ரிலே டக் டக் என்று தட்டுகிறது, பக்கத்தில் நிற்பவர் பேட்டரி வீக் என்கிறார். புதிய பேட்டரி மாட்டியதும் வண்டி ஏன் உயிர் பெற்றது என்பதற்கும் விடை இதிலேயே கிடைக்கிறது. கழற்றி மாட்டும்போது நட்டு இறுகியது, முனை தேய்ந்து சுத்தமானது. நோயைத் தீர்த்தது ஸ்பானர். புகழையும் பணத்தையும் பெற்றுக்கொண்டது புதிய பேட்டரி. இந்த அநியாயம் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு நாளும் நடக்கிறது!

இங்கே ஒரு பெரிய ஏமாற்றத்தைச் சுட்டிக்காட்டியாக வேண்டும். பலர் மல்டிமீட்டரைக் கன்டினியூட்டி நிலையில் வைத்து, வயரின் இரு முனைகளைத் தொட்டு, பீப் என்று ஒலித்ததும் வயர் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த ஒலி சொல்வது வழி இருக்கிறது என்பதை மட்டுமே. அந்த வழி எவ்வளவு அகலம் என்று அது சொல்வதில்லை. இருபது இழைகள் முறுக்கிய வயரில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பீப் என்றே ஒலிக்கும், ஏனென்றால் சோதனைக்காக அது அனுப்புவது மிக மிகச் சிறிய மின்னோட்டம். அந்த ஒற்றை இழை வழியாக ஹெட்லைட்டின் 3 ஆம்பியரோ 5 ஆம்பியரோ ஓட முயலும்போது அழுத்தம் பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். ஓம் அளவில் வைத்து அளந்தாலும் பயனில்லை, 0.03 ஓம் என்பது மீட்டரின் சொந்த வயர்களிலுள்ள தடையைவிடச் சிறியது. பூதக் கண்ணாடிக்கும் தெரியாத இந்தக் குறையை எப்படிப் பிடிப்பது?

மின்சாரத்தை ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். மீட்டரை வோல்ட் நிலையில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈயத் தலையிலும் — வயர் லக்கில் அல்ல, தலையிலேயே — மற்றொரு முனையைச் செல்ஃப் மோட்டாரின் முனையிலும் வைத்துப் பொத்தானை அழுத்தினால், அந்த வழியில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்பதை மீட்டர் நேரடியாகவே காட்டிவிடும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் வழியில் திருடன் இருக்கிறான். பிறகு அதே முறையில் எர்த் பக்கம்: பேட்டரியின் நெகட்டிவ் தலையிலிருந்து எஞ்சின் உடலுக்கு. அங்கே 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பு பழுது. இடையிலுள்ள ஒவ்வொரு இணைப்பையும் ஒவ்வொன்றாகத் தாண்டி அளந்துகொண்டே போனால், அளவு திடீரென்று குதிக்கும் இடமே குற்றம் நிகழும் இடம். மீட்டர் இல்லாத பட்டறையிலும், பின்விளக்கின் 21 வாட் பல்பு ஒன்றை இரண்டு வயர்களில் கட்டிச் சோதனை விளக்காக வைத்துக்கொள்ளலாம். அது ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுப்பதால், ஒற்றை இழை வயரில் மங்கி, உண்மையைச் சொல்லிவிடும்.

அப்படியானால் பழைய வண்டியில் இணைப்புகள் எங்கெங்கே கெடுகின்றன? இதைச் சற்று நின்று பார்ப்பது தகும், ஏனென்றால் கை மாறிய வண்டி ஒவ்வொன்றும் முன்னிருந்த உரிமையாளர்களின் வேலைகளையெல்லாம் உடலில் சுமந்து வருகிறது. விற்பனைக்கு முன் பளபளப்பாகப் பெயின்ட் அடித்த வண்டியைப் பார்த்து வாங்குபவர் மகிழ்கிறார். அந்தப் பெயின்ட் எர்த் லக்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் புகுந்து மின்சாரத்தைத் தடுக்கும் சுவராக நிற்பதை அவர் அறிவதில்லை. போல்ட்டைக் கழற்றி, இரும்பு பளிச்சிடும் வரை உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் இறுக்கினால் தீரும் பழுதுக்கு எத்தனை பேட்டரிகள் பலியாகின்றன! ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் வயர்க்கட்டு ஒவ்வொரு திருப்பத்துக்கும் வளைந்து நிமிர்ந்து, மேலுறை முழுதாக இருக்க உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. ஹேண்டிலை இடப்பக்கம் ஒடித்தால் வண்டி அணைந்து, நேராக்கினால் உயிர் பெறுவது இதன் அடையாளம். முந்தைய உரிமையாளர் ஆசையோடு மாட்டிய கூடுதல் விளக்குக்கும் இரட்டை ஹாரனுக்கும் வயரைச் சீவி, கையால் முறுக்கி, டேப் சுற்றிய இடங்கள் இருக்கும். டேப்பின் பசை வெயிலில் உருகி ஒழுகியபின், அந்த முறுக்கில் காற்றும் ஈரமும் தடையின்றிப் புகும்.

தோல் பதனிடும் வளாகங்களில் நிற்கும் வண்டிகளுக்கு இன்னும் இரண்டு பகைவர்கள் உண்டு. தோலிலிருந்து உதறப்படும் உப்பு ஈரத்தோடு சேர்ந்து இணைப்புகளில் படிந்தால், செம்பில் பச்சைக் களிம்பும் இரும்பில் துருவும் விரைந்து ஏறும். மயிர் நீக்கும் சுண்ணாம்புத் தொட்டிகளில் பயன்படும் சோடியம் சல்ஃபைடு, பின்னர் அமிலத்தோடு சேர நேர்ந்தால், அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வெளிப்படும். மனித உயிருக்கே கேடான அந்த வாயு செம்பின் மேற்பரப்பைக் கறுக்கச் செய்யும். கறுத்த படலம் செம்பைப் போல மின்சாரத்துக்கு வழிவிடாது. ஆகவே இங்குள்ள வண்டியில் கப்ளரைக் கழற்றிப் பார்க்கும்போது பச்சையை மட்டும் தேடினால் போதாது, கறுப்பையும் தேட வேண்டும். ஹெட்லைட் கிண்ணத்துக்குள் குவிந்திருக்கும் கப்ளர்களையும், சீட்டுக்கு அடியிலுள்ள கப்ளர்களையும் ஆண்டுக்கொரு முறை பிரித்து, இணைப்பு சுத்தம் செய்யும் ஸ்பிரே அடித்து உலர்த்தி மாட்டுவது பெரிய செலவில்லாத வைத்தியம். பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளை, நீலப்பச்சைப் பொடியை ஆப்பசோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்து, இறுக்கியபின் வாசலின் தடவலாம். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது பாசிட்டிவ் முதலில் என்ற ஒழுங்கை மறக்கக் கூடாது. மாற்றிச் செய்தால் பாசிட்டிவ் நட்டில் இருக்கும் ஸ்பானர் சட்டத்தைத் தொடும் நொடியில் தீப்பொறி பறக்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளையும் இங்கே நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எண்ணற்ற வண்டிகள் நீருக்குள் நின்றன. 2021 நவம்பரில் பாலாறே கரைபுரண்டது. அப்படி மூழ்கிய வண்டி கழுவித் துடைக்கப்பட்டு எந்த ஊர்ச் சந்தைக்கும் வந்து சேரலாம். வெளியுடல் பளிச்சென்று இருந்தாலும், கப்ளரின் உட்குழியிலும் ஹெட்லைட் கிண்ணத்தின் அடியிலும் படிந்த மெல்லிய வண்டலைக் கழுவ யாரும் மெனக்கெடுவதில்லை. வாங்குபவர் பார்க்க வேண்டிய இடம் அதுவே.

இனி மின்சாரம் பிறக்கும் பக்கம். பழைய என்ஃபீல்டு புல்லட்டின் ஹெட்லைட் மேல்மூடியில் அம்மீட்டர் என்னும் சிறு முள்மானி இருந்ததை மூத்தோர் அறிவார்கள். 1955 முதல் சென்னையில் உருப்பெற்ற அந்த வண்டியில், பேட்டரிக்கு மின்சாரம் போகிறதா, பேட்டரியிலிருந்து வருகிறதா என்பதை முள் சாயும் பக்கமே சொல்லிவிடும். ஓட்டுபவருக்கு அந்த அறிவைத் தந்த கருவி பின்னர் வந்த பெரும்பாலான வண்டிகளில் இல்லாமற் போனது பெரிய இழப்பு. ஆனால் அதே கேள்வியை மல்டிமீட்டரால் கேட்கலாம். எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரி முனைகளில் அளந்து, ஆக்சிலரேட்டரை மெல்லத் திருகினால், அளவு 13.8 முதல் 14.5 வோல்ட்டுக்குள் ஏறி நிலைத்து நிற்க வேண்டும். 12.5-லேயே அசையாமல் கிடந்தால் சார்ஜ் ஆகவில்லை. 15-ஐத் தாண்டி ஏறினால் கட்டுப்பாடு கெட்டுவிட்டது. பேட்டரி கொதித்து நீர் வற்றும், பல்புகள் அடிக்கடி பியூஸ் போகும். மாதம் ஒரு பல்பு மாற்றுபவர் பல்புக் கம்பெனியைத் திட்டுவதற்கு முன், அளந்தாரா?

சார்ஜ் ஆகவில்லையென்றால் உடனே ஆர்.ஆர். யூனிட்டை வாங்க ஓடக் கூடாது. ஸ்டேட்டரையும் ஆர்.ஆர். யூனிட்டையும் சேர்க்கும் கப்ளரை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். அது பழுப்பேறி உருகியிருப்பது மிகப் பரவலான பழுது. அது நன்றாக இருந்தால், சுருளின் ஒரு முனை எர்த்தில் சேராத வண்டிகளில் ஸ்டேட்டர் வயர்களுக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையில் தொடர்பு ஏதும் இருக்கக் கூடாது என்பதைச் சோதித்து, சுருள்களின் தடையை அந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டோடு ஒப்பிட்டால், குறை எந்தப் பக்கம் என்பது விளங்கிவிடும். ஆர்.ஆர். யூனிட் மிகுதியான மின்சாரத்தை வெப்பமாக வெளியேற்றுவதால்தான் அதன் முதுகில் மடிப்பு மடிப்பான துடுப்புகள் இருக்கின்றன. அவற்றில் சேறு அப்பியிருந்தால் அது மூச்சுத் திணறி மடியும்.

எல்லா வண்டிகளுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். பழைய நூறு சிசி வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் ஸ்டேட்டரிலிருந்தே நேராக எரியும். நின்ற நிலையில் அது மங்குவது இயல்பே தவிரப் பழுதல்ல. அவற்றுள் பலவற்றில் பிளக்குக்கான மின்சாரமும் பேட்டரியை நம்பியிராததால், பேட்டரி செத்தாலும் கிக்கரில் உதைத்து வீடு சேரலாம். 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் தானே எரிய வேண்டும் என்ற விதி வந்ததால், மின்செலவு நிரந்தரமாகக் கூடியது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி நடைமுறைக்கு வந்தபின், பெட்ரோலைப் பீய்ச்சும் பம்பும் அதை ஆளும் மின்னணுப் பெட்டியும் போதிய வோல்ட் இல்லாமல் வேலை செய்யா. அத்தகைய வண்டியில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய வித்தையைச் செய்யவே கூடாது. அந்த நொடியில் எழும் மின்னழுத்த அலை, விலை மிகுந்த மின்னணுப் பெட்டியைக் கொன்றுவிடக் கூடும்.

பியூஸைப் பற்றி ஒரு சொல். எரிந்த பியூஸின் இடத்தில் சிகரெட் பெட்டியின் தாளையோ செம்புக் கம்பியையோ சுற்றி வைப்பவர், நோயாளியின் வாயை அடைத்து நோய் தீர்ந்ததென்று சொல்பவர். 10 ஆம்பியர் பியூஸ் எரிகிறதென்றால் பெரும்பாலும் எங்கோ ஒரு வயர் சட்டத்தில் உரசுகிறது. பியூஸ் எரிய மறுத்தால், அடுத்து எரிவது பெட்ரோல் டேங்குக்கு அடியில் ஓடும் வயர்க்கட்டு.

கடைசியாக, இரவில் நன்றாக நிறுத்திய வண்டி மூன்று நான்கு நாள் கழித்து எழ மறுக்கும் நோய். சாவியை அணைத்தபின், பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, மீட்டரை ஆம்பியர் நிலையில் வைத்து இடையில் கோத்தால், தூங்கும் வண்டி எவ்வளவு குடிக்கிறது என்று தெரியும். மீட்டர் கோத்திருக்கும்போது சாவியைத் திருப்பவோ செல்ஃப் பொத்தானைத் தொடவோ கூடாது. சில மில்லி ஆம்பியர் பொறுக்கத்தக்கது. 50 மில்லி ஆம்பியர் என்றால்? 100 மணி நேரத்தில் 5 ஆம்பியர்-மணி. சிறிய வண்டியின் பேட்டரி முழுவதும் நான்கே நாளில் தீர்ந்தது. இப்போது அலாரம், இருப்பிடம் காட்டும் கருவி, கைப்பேசிச் சார்ஜர் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, எதைப் பிரித்ததும் அளவு விழுகிறது என்று பார்க்க வேண்டும், ஆர்.ஆர். யூனிட்டின் கப்ளரைப் பிரித்ததும் விழுந்தால், அதற்குள்ளிருக்கும் டயோடு பின்பக்கமாகக் கசிகிறது.

இத்தனைக்கும் பின் பேட்டரியே குற்றவாளி என்று நிறுவப்பட்டால், மாற்றத்தான் வேண்டும். அதில் தயக்கம் தேவையில்லை. ஆனால் பழையதைப் பாலாற்றங்கரைக் குப்பையில் வீசுவதோ, தெருமுனையில் உடைத்து ஈயம் எடுப்பவரிடம் கொடுப்பதோ கூடாது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், தீர்ந்துபோன பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைத்திருக்கின்றன. கடையில் பழையதைக் கொடுத்தே புதியதை வாங்கலாம். உப்பையும் குரோமியத்தையும் சுமந்து களைத்த இந்த நிலத்தின் மேல், ஈயத்தையும் ஏற்ற யாருக்கும் உரிமை இல்லை.

பழுது தீர்ந்த வண்டியைப் பட்டறையிலிருந்து அனுப்பும் முன், ஒரு சிறு தாளில் தேதி, ஓய்வில் எத்தனை வோல்ட், செல்ஃப் இழுக்கும்போது எத்தனை, சார்ஜ் ஆகும்போது எத்தனை, சாவி அணைத்தபின் எத்தனை மில்லி ஆம்பியர் என்று நான்கு எண்களை எழுதி, பக்க மூடியின் உட்புறத்தில் ஒட்டிவைக்கும் வழக்கத்தை மெக்கானிக் பெருமக்கள் தொடங்க வேண்டும் என்பது இவ்வுரையின் வேண்டுகோள். ஆறு மாதம் கழித்து 14.2 என்றிருந்த சார்ஜ் 13.1 ஆகியிருந்தால், வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஸ்டேட்டர் கப்ளரைப் பிரித்துப் பார்க்க வேண்டிய நாள் வந்துவிட்டது என்று அந்தத் தாளே சொல்லும். வண்டி மறுபடி கை மாறும் நாளில், உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30-உடன் அந்தத் தாளும் புதிய உரிமையாளரிடம் போய்ச் சேரட்டும்.